கடை அடைக்கும்வரை செல்லும்

அக்னி நட்சத்திரத்தில் கோட்டு தைத்துக்கொண்டவன் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. நெய்வேலி வெயிலைப் பற்றித் தெரியாதவன் தைத்திருந்தால் மன்னிக்கலாம். நான் அங்கேயே பிறந்து, அங்கேயே கணக்குப் பாடத்தில் தவறி, அங்கேயே மெயின் பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தவன். மத்தியானம் ரோட்டில் நடந்தால் செருப்பைத் தார் பிடித்து வைத்துக்கொண்டு காலை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் ஊர் அது. அந்த ஊரில் கறுப்புத் துணியெடுத்து, உள்ளே வழவழவென்று பட்டு மாதிரி ஒன்றை வைத்துத் தைக்கக் கொடுத்தேன்.

“கல்யாணமா சார்?” என்றார் டெய்லர்.

“எனக்குக் கல்யாணமாகி பையன் ஸ்கூலுக்கே போறாங்க. இது அவார்டு பங்ஷனுக்கு. மெட்ராஸ்ல. நல்ல வெப்சைட்டுக்கெல்லாம் வருஷா வருஷம் குடுக்கறது.”

அவர் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். “அவார்டு வெப்சைட்டுக்குத்தான? கோட்டு எதுக்கு ஒங்களுக்கு?”

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அந்த வெப்சைட் என்னுடையதுகூட இல்லை. நான் செய்தது அதைக் கட்டிக் கொடுத்தது மட்டும்தான். வீட்டுக்குச் சொந்தக்காரர் இருக்க, கொத்தனார் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு கிரகப்பிரவேசத்துக்கு முதலில் நுழைந்த கதை.

சொந்தக்காரர் என் சென்டருக்குச் சுவர் பக்கத்துக் கடை அக்கா. மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இதைப் படித்துவிட்டு, “தம்பி, இது எந்தத் தேதி வரைக்கும் செல்லும்?” என்று கேட்பார். அந்தக் கேள்வியைத்தான் நான் அவர் வாயிலிருந்து பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மருந்துக்கடைக்காரர்கள் எல்லோரும் அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதி பார்ப்பார்கள். மற்றவர்களுக்கு அந்தப் பழக்கம் அட்டையோடு முடியும். அக்காவுக்கு அங்கேதான் ஆரம்பித்தது. உலகத்தில் எதை எடுத்தாலும் அதன் பின்பக்கத்தில் ஒரு தேதி அச்சடித்திருப்பதாகவே அவர் நினைத்தார். இல்லாத இடத்தில் தானே போட்டார்.

குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, பார்மஸி படித்து, சுரங்கத்தில் பர்மனென்டாக இருந்தவரைக் கட்டிக்கொண்டு டவுன்ஷிப்புக்கு வந்தவர். ஒல்லியான உருவம். புடவைக்கு மேலே வெள்ளைக்கோட்டு. (அவருடைய கோட்டுக்கு அர்த்தம் இருந்தது.) மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், எதையாவது நம்பாதபோது மட்டும் அதை எடுத்துப் போடுவார். என்னிடம் பேசும்போது பெரும்பாலும் போட்டுக்கொண்டுதான் பேசினார்.

வீட்டுக்காரரோடு அவர் போட்ட சண்டைகள் எங்கள் பிளாக்கில் பிரசித்தம். சத்தத்தால் இல்லை, ஒழுங்கால். “ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும் ஒங்ககூடப் பேசமாட்டேன்” என்று அறிவிப்பார். பேசமாட்டார். ஞாயிறு மத்தியானம் சோறு போடும்போது, “ரசம் ஊத்தட்டுமா?” என்று சாதாரணமாக ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை அந்த மனுஷன் செகண்ட் ஷிப்டு முடிந்து வந்த களைப்பில், திங்கட்கிழமை அதே விஷயத்தை மறுபடி எடுத்தார்.

“அது நேத்தோட முடிஞ்சிடுச்சிங்க” என்றார் அக்கா. “வேணும்னா புதுசா ஒண்ணு ஆரம்பிங்க. பழச எடுத்து வந்து நீட்டாதீங்க.”

புதிதாக ஆரம்பிக்க அவருக்கு எதுவும் தோன்றவில்லையாம். படுத்துத் தூங்கிவிட்டாராம். இதை அவரே என் சென்டரில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்தார்.

எல்லோரும் இப்படிச் சிரித்துக்கொண்டு போகவில்லை. பஜார் முனையில் ஒரு கல்யாண பேனர் தொங்கியது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுயரத்துக்கு நிற்க, சுற்றிலும் சித்தப்பா மாமா தலைகளெல்லாம் வட்ட வட்டமாக. கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆயிற்று. ஒரு நாள் காலையில் அக்கா கடை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி, பேனரைச் சுருட்டி, பெண்ணின் அப்பா வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அந்த மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

“எம் பொண்ணு படத்த அறுக்க நீ யாரு?”

“கல்யாணம் முடிஞ்சிடுச்சில்ல அண்ணே?”

“முடிஞ்சா? தொங்கினா ஒனக்கு என்னா?”

“பொண்ணு அங்க மாமியாருகிட்ட மல்லுக்கட்டிக்கினு இருக்கு. இங்க இன்னும் ‘வருக வருக’ன்னு தொங்கிக்கினு இருந்தா, எவனாவது மொய்க்கவரோட வந்து நிப்பான். சாப்பாடு போடுவீங்களா?”

பஜாரே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வெகுகாலம் அந்தக் குடும்பம் தலைவலி மாத்திரைக்குக்கூட டவுன்ஷிப் ஆர்ச் கேட்டைத் தாண்டி வெளிக்கடைக்குப் போனது. அக்காவும் அவர்களைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. “அவரு கோவம் அவருது. அதுக்குத் தேதி அவருதான் போடணும்” என்றார். எனக்கு அன்று அக்காமேல் கொஞ்சம் பயம்தான். நாளைக்கு என் போர்டைக் கழற்றிவிட்டு, “தம்பி, ஒன் சென்டர் முடிஞ்சிடுச்சி” என்பாரோ என்று வாசலை இரண்டு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு மகன் விபத்தில் போனபோது, மூன்றாம் வாரமே சொந்தக்காரர்கள், “எத்தினி நாளைக்கு இப்படியே அழுதுக்கினு கெடப்ப, எழுந்து வேலயப் பாரு” என்று ஆரம்பித்தார்கள். அக்கா உள்ளே போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “ஆடி கடைசி வரைக்கும் இவங்கள யாரும் எதுவும் கேக்கக்கூடாது. நான் தேதி போட்டுட்டேன்” என்றார். ஆடி முடிந்த மறுநாள் அந்த வீட்டுக்கு மறுபடி போய், சமையல்கட்டில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்: “முடியுதா? இல்ல, தள்ளிப் போடட்டுமா?”

“தள்ளிப் போடுமா” என்றார் அந்த அம்மா.

“சரி, தீவாளி வரைக்கும்.”

அதுதான் அக்கா. என் விஷயத்தில் இந்தக் கருணை கிடையாது. நான் ஒரே ஜோக்கை இரண்டாம் தடவை சொன்னால், “தம்பி, இது போன மாசத்து சரக்கு, திருப்பி அனுப்பிடு” என்பார்.

வெப்சைட் வந்த விதம் இது. ஒரு நாள் குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்து ஒருவர் மருந்துச் சீட்டோடு வந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அவருடைய பெண் குழந்தைக்கு வலிப்பு. அதற்கான சிரப் எல்லாக் கடையிலும் எப்போதும் இருக்காது. குறிஞ்சிப்பாடியில் கேட்டு, வடலூரில் இறங்கிக் கேட்டு, இங்கே வந்திருந்தார். அக்காவிடமும் அன்று இல்லை.

“எங்க இருக்குன்னு ஒரு வார்த்த யாராவது சொன்னா நேரா அங்க போயிடுவங்க” என்றார் அவர். குற்றமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் பிடிக்கப் போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடை திறந்ததும் அக்கா போனை எடுத்துச் சுற்றுவட்டாரக் கடைகளுக்கு வரிசையாகப் பேசினார். வடலூர், குறிஞ்சிப்பாடி, திருவதிகைப் பக்கத்தில் ஒன்று. சுலபமாகக் கிடைக்காத மருந்து எதெது இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். பிறகு என் சென்டருக்கு வந்தார்.

“தம்பி, இத எல்லாரும் போன்ல பாக்கற மாதிரி போட முடியுமா?”

ஆண்ட்ராய்டு போன் அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. ஷிப்டு பஸ்ஸில் ஒருவர் கையிலாவது இருக்கும். அவர் பார்த்துச் சொன்னால் கிராமத்துக்கே சேதி போய்விடும். நான் என் திறமையெல்லாம் இறக்கிவைத்தேன். மேலே மின்னும் எழுத்து. ஓரத்தில் தோகை விரிக்கும் மயில். திறந்ததும் நாதஸ்வரம்.

அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “மயிலு எதுக்கு? மயிலுக்கு மருந்து இருக்கா?”

மயில் போயிற்று. நாதஸ்வரம் போயிற்று. கடைசியில் மிஞ்சியது கடைகளின் பெயர்கள், பெரிய எழுத்தில். ஒவ்வொன்றின் கீழும் அன்றைக்கு உள்ள மருந்துகள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘இன்று கடை அடைக்கும்வரை’. கடை அடைக்கும் நேரம் வந்ததும் வரிகள் தானாக அழிந்துவிட வேண்டும் என்றார். நான் வாதாடினேன்.

“அழிக்கவேணாங்க. மங்கலா வச்சிருக்கலாம். பாக்கறவங்களுக்குப் பக்கம் நெறஞ்ச மாதிரி இருக்கும்.”

“நேத்து இருந்தத நம்பி ஒருத்தன் இன்னைக்கிப் பஸ் ஏறினா? அங்க போய் இல்லன்னா, அன்னைக்கிப் பொழுதே அந்தப் புள்ளைக்கு மருந்து இல்லாம போயிடும். மங்கலா வச்ச பொய்யும் பொய்தான். அழி.”

அதனால் காலையில் அக்கா விசாரித்து முடிக்கும்வரை அந்தப் பக்கத்தில் கடைப் பெயர்களும், மேலே ‘இன்று இன்னும் விசாரிக்கவில்லை’ என்ற ஒரு வரியும் மட்டும்தான் இருக்கும். நானறிந்தவரை, திறந்தால் ஒன்றும் இல்லை என்று தானே ஒப்புக்கொண்ட ஒரே வெப்சைட் அது.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் நடந்தது. அப்புறம் குறிஞ்சிப்பாடிக் கடைக்காரர் மனசு மாறினார். பழைய கடை, அவர் அப்பா காலத்தது. குழந்தைகளுக்கான வலிப்பு மருந்தை விடாமல் வாங்கி வைத்தது அவர் ஒருவர்தான். ஒரு நாள் காலையில் கேட்டார்: “எங் கட சரக்கு ஒனக்கு எதுக்குமா தெனமும்? வேவு பாத்துட்டு நாளைக்கி எனக்கு எதுத்தாப்புல பிராஞ்சி போடறதுக்கா?” மறுநாளிலிருந்து அக்காவின் எண்ணைப் பார்த்தால் எடுக்கமாட்டார். அவரைப் பார்த்து வடலூர்க் கடைகளும் இழுக்க ஆரம்பித்தன. “அவரே குடுக்கலியாமே, எங்களுக்கு மட்டும் என்னாங்க?” என்றார்கள். இந்த மாதம் முடியும்வரை பார்ப்போம், அப்புறம் நாங்களும் நிறுத்திக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் குழந்தையின் அப்பா மறுபடி வந்தார்.

“போன்ல பாத்தா குறிஞ்சிப்பாடி காலியா இருந்திச்சுங்க, அதான் கடலூரு போயிட்டேன். வந்து கேட்டா நம்மூருலயே இருந்திச்சாம். அதுக்குள்ள பாப்பாவுக்கு ரெண்டு தடவ வந்துடுச்சி.”

அவர் போன பிறகு அக்கா ஒரே மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தேதி நிறைய மிச்சம் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் நான் விருதுக்கு விண்ணப்பித்திருந்தேன், அக்காவிடம் சொல்லாமலே. பொதுச்சேவைப் பிரிவில் எங்களையும் கடைசிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுத்து விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அவார்டா? எத்தினி நாளைக்கிச் செல்லும் அது?”

“ஒரு வருஷம்க்கா. அடுத்த வருஷம் வேற ஆளுக்கு.”

இதைக் கேட்டதும் முதல்முறையாக அவருக்கு விருதின்மேல் ஒரு மதிப்பு வந்தது. “பரவால்ல, நாணயமான ஆளுங்கதான்” என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “இத வாங்கினா குறிஞ்சிப்பாடிக்காரரு போன எடுப்பாரா?”

“பேப்பர்ல படம் வந்தா எடுக்காம எங்க போவாருங்க?”

“அப்ப வர்றேன்.”

அவர் கிளம்பியது அதற்காகத்தான். நான் கிளம்பியது கோட்டுக்காக.

விடியுமுன் பஸ் ஏறினோம். அக்கா கடைக் கதவில், ‘விடுமுறை. இன்று மட்டும் செல்லும்’ என்று சீட்டு ஒட்டிவிட்டு வந்தார். நான் கோட்டைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கழற்றினால் மடிப்பு விழுமாம். கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுக்கும்போது, “ஏன் சார், காய்ச்சலா?” என்று கேட்டார்.

எட்டு மணிக்குத் திண்டிவனத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம். அக்கா வழக்கம்போல் போனை எடுத்தார். பஸ் டிவியில் சண்டைக்காட்சி. உயரமான ஒருவர் இருபது பேரை அடித்துக்கொண்டிருந்தார். வடலூர்க் கடைக்காரர் ஏதோ சொன்னார். இருக்கு என்றாரா, இல்லை என்றாரா, சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. திரும்பக் கேட்டும், அடுத்த கடைக்குப் போட்டும் அதே கதைதான்.

“இருக்குன்னே போட்டுடலாம்க்கா. எப்பவும் இருக்கறதுதான?”

“காதுல விழல. விழாதத எப்படிப் போடுவ?” என்று போனை உள்ளே வைத்துவிட்டார். “இன்னைக்கி விசாரிக்கலன்னே இருக்கட்டும்.”

இருக்கட்டுமே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். விழாக்காரர்கள் முன்பே பக்கத்தின் படம் ஒன்று கேட்டிருந்தார்கள் என்பதும், “படமெல்லாம் எதுக்கு சார், எங்க சைட்ட நேராவே தெறந்து காட்டுங்க, அப்பத்தான் அசந்துபோவாங்க” என்று நான் மார்தட்டியிருந்தேன் என்பதும் ஹாலுக்குள் நுழைந்து உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கோட்டுக்குள் வேர்வை நின்று, வேறொரு வேர்வை ஆரம்பித்தது.

நல்ல குளிர்சாதன ஹால். மேடையில் சுவர் உயரத்துக்குத் திரை. தொகுப்பாளினி ஒவ்வொரு சைட்டாகத் திறந்து காட்டினார். ஒன்றில் கோயில் கோபுரம் சுழன்று சுழன்று வந்தது. ஒன்றில் சமையல் குறிப்பு. தாளிக்கும் சத்தம்கூட வந்தது. பொதுச்சேவைப் பிரிவில் அரசாங்க விண்ணப்பங்களைப் பற்றி விளக்கும் சைட் ஒன்று. அடுத்து எங்களுடையது.

திரை வெள்ளையாக விரிந்தது. வரிசையாகக் கடைப் பெயர்கள், ஒவ்வொன்றும் ஆட்டோ அகலத்துக்கு. கீழே ஒன்றுமில்லை. மேலே: இன்று இன்னும் விசாரிக்கவில்லை.

பின்வரிசையில் ஒரு சிரிப்பு. அது முன்வரிசைக்கு வந்து சேர அதிக நேரம் எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னிடம் அனுதாபத்தோடு, “யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா சார்?” என்று கேட்டார். நான் கோட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். ஆமைக்கு வசதி உண்டு.

“எதுக்குச் சிரிக்கறாங்க? உண்மையத்தான சொல்லுது” என்றார் அக்கா. சொல்லிவிட்டுத் திரையையே பார்த்தார். “தம்பி, குறிஞ்சிப்பாடிக் கட பேரு எம்மாம் பெருசா தெரியுது பாரு.”

“காலியா தெரியுதுக்கா.”

“அதான். ஒன் போனக் குடு. என் நம்பரப் பாத்தா எடுக்கமாட்டாரு.”

கதவருகே போய் நின்றுகொண்டு எண்ணை அழுத்தினார். நான் பின்னாலேயே போனேன். ஓடிவிடுவதற்கு வசதியான இடமும் அதுதான்.

“அண்ணே, நான்தான், நெய்வேலி மெடிக்கல். வச்சிடாதீங்க. மெட்ராஸ்ல ஒரு ஹால்ல இருக்கேன். ஒங்க கட பேரு செவுரு ஒசரத்துக்குத் தெரியுது.”

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. “எங் கட பேரா? அங்க எதுக்கு?”

“அவார்டு பங்ஷன்ங்க. பேருக்குக் கீழ ஒண்ணுமில்ல. ஜனம் சிரிக்குது.”

“சிரிக்குதா? என்னாத்துக்குச் சிரிக்குது? எங்கப்பாரு காலத்துக் கட!”

“கட இருக்கு. மருந்து இல்லபோல இருக்குன்னு சிரிக்குதுங்க.”

“எங்கிட்டயா மருந்து இல்ல? யாருகிட்டப் பேசற? எழுது. மொதல்ல எழுது நீ!”

அக்கா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். திரைக்குப் படம் போகும் கம்ப்யூட்டர் மேடையின் ஓரத்தில் இருந்தது. நான் ஓடினேன். வழியில் நின்ற பையன்கள் என் கோட்டைப் பார்த்ததும் யாரோ பெரிய ஆள் என்று விலகி, ஒருவன் நாற்காலிகூட இழுத்துப் போட்டான். அந்தக் கோட்டு தன் வாழ்நாளில் செய்த ஒரே உபகாரம் அது.

“வலிப்பு சிரப்பு, கொழந்தைங்களுது! இருக்கு!” கதவருகிலிருந்து அக்கா கத்தினார், கடையில் உள்ளறைக்குக் குரல் கொடுப்பதுபோல. நான் அடித்தேன். அவசரத்தில் ‘வலிப்பு’க்குப் பதில் ஏதேதோ வந்தது. அத்தனை பேரும் பார்க்க அழித்து, மறுபடி அடித்தேன். குறிஞ்சிப்பாடியின் கீழ் முதல் வரி விழுந்தது. ‘இன்று கடை அடைக்கும்வரை.’

“நாய்க்கடி ஊசி, இருக்கு!”

அடுத்த வரி. சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. முன்வரிசையில் நடுவர்களில் வயதான ஒருவர் திரும்பி அக்காவைக் கேட்டார், “நாளைக்கு இது என்னம்மா ஆகும்?”

“அழிஞ்சிடும் சார்.”

“அப்புறம்?”

“காலையில போன் போடுவேன்.”

அவர் தலையை ஆட்டினார். தொகுப்பாளினி, “நேரமாயிடுச்சி சார்” என்று என் காதில் மூன்றாம் தடவையாகச் சொன்னார். எழுந்து வந்தேன்.

விருது எங்களுக்கு இல்லை. மதிப்பெண் எல்லாம் முந்தின வாரமே போட்டு முடித்துவிட்டார்களாம். விண்ணப்பங்களை விளக்கும் அந்த சைட்டுக்குக் கிடைத்தது. ஹாலில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியது அக்காதான். விழா முடிந்ததும் கேடயத்தோடு நின்ற அந்த இளைஞரைத் தேடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்ல காரியம் பண்ற தம்பி. நல்லா இரு” என்றார். அவர் நெகிழ்ந்துபோய் நிற்கும்போதே அக்கா தொடர்ந்தார்: “மொதப் பக்கத்துல கீழ ஒரு அறிவிப்பு இருக்கு பாரு, அது போன வருஷத்தோட முடிஞ்சிடுச்சி. வூட்டுக்குப் போனதும் எடுத்துடு.”

திரும்பும் பஸ்ஸில் நான் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, இழவுவீட்டில் உட்கார்ந்த மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பேப்பரில் படம் வராது. மாதம் முடிய இரண்டு மூன்று நாள்தான் இருந்தது.

“இந்த வருத்தம் எதுவரைக்கும்?” என்றார் அக்கா.

“விக்கிரவாண்டி வரைக்கும்க்கா.”

“திண்டிவனம் போதும்.”

திண்டிவனம் வந்ததும் முறுக்கு வாங்கி ஒன்றை என் கையில் கொடுத்தார். வருத்தம் முடிந்ததாக அர்த்தம். கடித்துக்கொண்டே கேட்டேன், “அதான் அவரு இன்னைக்கி எடுத்துட்டாரே. இனிமே எடுப்பாருல்லக்கா?”

“இன்னைக்கிச் சொன்னது ராத்திரி கட அடச்சா முடிஞ்சிது. அது ரோஷத்துல சொன்னது. நாளைக்கி என் நம்பர்ல போட்டாத்தான் தெரியும்” என்றார் அக்கா. முறுக்கை அவர் கடிக்கவே இல்லை என்பதைப் பண்ருட்டி வந்த பிறகுதான் கவனித்தேன்.

மறுநாள் காலை நான் சென்டரைத் திறக்காமல் நேரே அக்கா கடைக்குப் போனேன். கதவில் விடுமுறைச் சீட்டு இல்லை, கிழித்திருந்தார். வடலூர்க் கடைகளுக்கு இன்னும் பேசவில்லை. “அங்க பேசினா மொதல்ல அவரு குடுத்தாரான்னுதான் கேப்பாங்க” என்றார். குழந்தையின் அப்பா ஷிப்டுக்குப் போகிற வழியில், சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார். புட்டியில் நாளைக்கு வரைதான் மருந்து இருக்கிறதாம்.

எட்டு மணி ஆயிற்று. அக்கா தன் போனில் எண்ணை எடுத்தார். பச்சைப் பித்தானுக்கு மேல் விரல் நின்றது. பிறகு போனை என் பக்கம் நீட்டினார்.

“நீ பேசு தம்பி.”

“நானா? நான் பேசினா எடுத்தவரும் வச்சிடுவாருங்க.”

“பேசு.”

அழுத்தினேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வாசலில் சைக்கிள்காரர் பெடலைக் காலால் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அதன் கரகரப்பும் போன் மணியும் தவிர வேறு சத்தமில்லை. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். இனி அவ்வளவுதான் என்று நான் காதிலிருந்து எடுக்கப்போகும்போது அந்தப் பக்கம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

“அலோ.”

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படி ஆகும்போதெல்லாம் நான் அதிகம் பேசுவேன். “அண்ணே, வணக்கம்ண்ணே! நெய்வேலி மெடிக்கல்லேர்ந்து பேசறேன். நேத்து நாந்தான் மேடையில ஒங்க கட பேருக்குக் கீழ அடிச்சவன், கோட்டு போட்டுக்கினு. மெட்ராஸே ஒங்க கடையப் பத்தித்தான் பேசுது. என்னா, அவார்டுதான் நமக்கு வரல. அதுல ஒங்களுக்கும் வருத்தமாத்தான் இருக்கும், ராத்திரி தூங்கினீங்களோ இல்லியோ...”

“பேசினது போதும், மருந்து பேர எழுதிக்க.”